கேட்ட அளவுக்குத்தான் கொடுக்கும்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய பேப்பர் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் கடையைக் காலி செய்தபோது, அவருடைய கொக்கித் தராசை ஐம்பது ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பத்து கிலோ வரை காட்டும், பித்தளை முகப்பு, முள் கொஞ்சம் கோணல். வீட்டில் கேட்டார்கள், "நீங்க எப்பங்க பேப்பர் யாவாரம் ஆரம்பிச்சீங்க?" ஆரம்பிக்கவில்லை. நான் டியூஷன் வாத்தியார். 1994-ல் பி.எஸ்சி. இயற்பியலை முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று நாலு பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்தேன். திண்ணை மொட்டை மாடியாகி, மாடிக்கு ஓடு போட்ட கொட்டகையும் வந்துவிட்டது. அந்தத் தராசு மட்டும் அப்படியே இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் தேர்வுகள் மாறிக்கொண்டே இருந்தன. நான் ஆரம்பித்த காலத்தில் பொறியியல், மருத்துவம் போக நுழைவுத் தேர்வு உண்டு. 2007-ல் அது போனது. 2017-ல் நீட் வந்தது. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். எந்தத் தேர்வு வந்தாலும், எந்தப் பாடத்திட்டம் வந்தாலும், பிள்ளைகள் கால் வைத்து வழுக்கும் இடம் ஒன்றே: உராய்வு. சிரிப்புதான் வரும். வழுக்காமல் இருப்பதற்கான பாடத்திலேயே வழுக்குகிறார்கள்.

இரண்டே பக்கத்துப் பாடம், ஒரே சூத்திரம், "மியூ என்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதனால்தான் முதல் நாள் சூத்திரத்தைச் சொல்வதில்லை. தராசை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன்.

மாடியில் ஒரு செங்கல். சேம்பர் செங்கல், மூணு கிலோ சொச்சம். அதைச் சணல் கயிற்றால் கட்டி, கயிற்றைத் தராசின் கொக்கியில் மாட்டி, சிமெண்டுத் தரையோடு தரையாக, படுக்கைவாக்கில் இழுக்க வேண்டும். ஒரு பிள்ளை இழுக்கும், ஒரு பிள்ளை முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லும். "அரை." செங்கல் அசையவில்லை. "ஒண்ணு." அசையவில்லை. "ஒண்ணரை." இழுக்கும் பையனுக்குக் கை நடுங்கும், செங்கல் கல்லாகத்தான் இருக்கும். "ஒண்ணே முக்கால்..." சொல்லி வாயை மூடுமுன் செங்கல் வெடுக்கென்று ஒரு சாண் பாயும். அந்த நொடியில் முள்ளைப் பார்த்தவன் மட்டும்தான் பாடத்தைப் பார்த்தவன். முள் சட்டென்று இறங்கி ஒண்ணரைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இழுத்துக்கொண்டே போனால் அங்கேதான் நிற்கும்.

அப்போது கேட்பேன். "முள் அரையில் நின்னப்ப உராய்வு எவ்வளவு?" முக்கால்வாசிப் பேர் "ஒண்ணே முக்கால்" என்பார்கள். அப்படி இருந்தால் செங்கல் பின்பக்கமாக ஓடியிருக்க வேண்டாமா? இந்தப் பக்கம் அரை இழுக்கிறோம், அந்தப் பக்கம் ஒண்ணே முக்கால் இழுத்தால்? சிரிப்பார்கள். சிரித்தவுடன் புரிந்துவிடும். அரை கேட்டால் அரை கொடுக்கும். ஒன்று கேட்டால் ஒன்று. நாம் இழுக்காமல் இருந்தால் ஒன்றுமே கொடுக்காது. ஓய்வுநிலை உராய்வு, கேட்ட கடனை மட்டும் எண்ணிக் கொடுக்கும் செட்டியார் மாதிரி. அவருக்கும் ஒரு கையிருப்பு உண்டு. அந்த ஒண்ணே முக்கால்தான் கையிருப்பு. உராய்வுக் குணகமான மியூவைச் செங்குத்து விசையோடு பெருக்கி வருவது கையிருப்பின் அளவே தவிர, இன்றைக்குக் கொடுத்த கடனின் அளவு அல்ல.

இதைப் பிடிக்காதவர்கள் எங்கே மாட்டுவார்கள் என்று எனக்கு மனப்பாடம். பத்து கிலோ பெட்டி, தரை கிடைமட்டம், ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, பெட்டியை 20 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம், உராய்வு விசை எவ்வளவு? நாலு விடைகளில் 49 நியூட்டன் தவறாமல் உட்கார்ந்திருக்கும், அதுவும் பெரும்பாலும் முதல் இடத்தில். 0.5-ஐப் பத்தால், பிறகு 9.8-ஆல் பெருக்கியவன் சந்தோஷமாக அதில் கறுப்பு வட்டம் போடுவான். சரியான விடை 20. நீட்டில் இந்த ஒரு கேள்விக்கு வரவேண்டிய நாலும் போய், தவறுக்காக ஒன்றும் போய், ஐந்து மதிப்பெண் காணாமல் போகும். கணக்குத் தெரியாதவனுக்கு இது நடப்பதில்லை. கணக்கை வேகமாகப் போடத் தெரிந்தவனுக்குத்தான் நடக்கிறது.

செங்கலைத் தட்டையாகப் போட்டு இழுத்த பிறகு, ஓரமாக நிமிர்த்திவைத்து இழுக்கச் சொல்வேன். தரையைத் தொடும் பரப்பு குறைந்திருக்கும். முள் அதே இடத்துக்குத்தான் போகும். ஒரு செங்கல் மேல் இன்னொரு செங்கல் வைத்தால் இரட்டிப்பாகும். பரப்பு கணக்கில் வராது, அழுத்தும் விசைதான் வரும். இதை 1699-ல் பாரிஸில் எழுதிவைத்தவர் அமோன்தோன், காது கேளாதவர். லியனார்டோ டாவின்சி அவருக்கு இருநூறு வருஷம் முன்பே தன் குறிப்பேட்டில் கட்டைகளை இழுத்து வரைந்துவைத்திருந்தார், அச்சில் வராததால் பெயர் அமோன்தோனுக்குப் போனது. மின்னூட்டப் பாடத்தில் வருகிற அதே கூலும், அதற்கு முன்னால் பிரெஞ்சுத் துறைமுகம் ஒன்றில் கயிற்றையும் கட்டையையும் இழுத்து உராய்வை ஆராய்ந்தவர், 1781-ல் அதற்காகப் பரிசு வாங்கியவர். இதைச் சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். கூலும் மின்சாரத்திலேயே பிறந்தவர் என்று நினைத்திருப்பார்கள்.

சித்திரையில் மாசி வீதிகளில் மீனாட்சி கோயில் தேரைப் பார்த்தவர்களுக்கு அந்த முள் இறங்கும் கதையைச் சொல்லவே வேண்டாம். தேர் கிளம்பும்வரைதான் பாடு. வடத்தை ஆயிரம் பேர் பிடித்தாலும் போதாமல், பின்னால் தடி போட்டு நெம்புவார்கள். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்தக் கையிருப்பு தீரவேண்டும். ஒருமுறை அசைந்துவிட்டால், அப்புறம் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குத்தான் வேலை.

நான் இவ்வளவு தெளிவாக எப்போதும் இருந்ததில்லை. ஆரம்ப வருஷங்களில் "உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும்" என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போடுவேன். ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு பாப்பா எழுந்தாள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்.

"சார், லாரியில மூட்டை அடுக்கியிருக்கு. லாரி முன்னால கெளம்புது. மூட்டையும் கூடவே முன்னால போகுதுல்ல சார்? மூட்டையைத் தள்ளுறது யாரு?"

"லாரிதான்."

"லாரி எங்க சார் தொடுது? அடியில மட்டும்தானே தொடுது? அப்ப உராய்வுதானே தள்ளுது? நீங்க எதிர்க்கும்னு எழுதியிருக்கீங்க."

அன்றைக்கு "நாளைக்குச் சொல்றேன் தாயி" என்று சொல்லி மணி பார்த்தேன். ராத்திரி தூக்கமில்லை. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு. என் வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. உராய்வு எதிர்ப்பது இயக்கத்தை அல்ல, தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே உள்ள சார்பு இயக்கத்தை. லாரி முன்னால் நழுவ, மூட்டை பின்தங்கப் பார்க்கிறது. "பின்தங்காதே" என்று மூட்டையை முன்னுக்குத் தள்ளுவது உராய்வு. அதற்கும் ஓர் எல்லை உண்டு. குணகம் 0.4 என்றால், லாரியின் முடுக்கம் நொடிக்கு நொடி 3.92 மீட்டருக்கு மேல் போனால் கையிருப்பு தீர்ந்துவிடும், மூட்டை பின்னால் சறுக்கும். லாரிக்காரர்கள் கயிறு கட்டுவது உராய்வை நம்பாததால் அல்ல, எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்ததால்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அடிக்கோடு போடவில்லை. அன்றிலிருந்து திசைக் கேள்வி வந்தால் ஒரே வழிதான் சொல்லித்தருகிறேன்: அந்த இடத்தில் உராய்வே இல்லை, எண்ணெய் ஊற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள், தொடும் பரப்பு எந்தப் பக்கம் நழுவும்? அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அம்புக்குறி போடு. பஸ்ஸின் பின்சக்கரத்தை என்ஜின் சுற்றுகிறது. எண்ணெய்த் தரையில் அந்த டயரின் அடிப்பகுதி பின்னால் நழுவும். ஆகவே உராய்வு முன்னால். முன்சக்கரத்தை யாரும் சுற்றவில்லை, வண்டிதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. எண்ணெயில் அது சுற்றாமல் முன்னால் வழுக்கும். ஆகவே அங்கே உராய்வு பின்னால். ஒரே பஸ், இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு திசை. சைக்கிள் கேள்வியும் இதே கேள்விதான்.

எங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே புட்டுத்தோப்பு. ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமி அங்கே எழுந்தருளி, பிட்டுக்கு மண் சுமப்பார். வைகை உடைத்துக்கொண்டது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் முரசறைந்தான், ஆளில்லாத வந்திக் கிழவிக்காக உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சொக்கன் கூடை தூக்கினான், வேலை பார்க்காமல் தூங்கிப் பிரம்படி வாங்கினான் என்ற கதை இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாரம் நான் சாய்தளம் எடுப்பேன். வேண்டுமென்றேதான்.

கூடை மண்ணைக் கொட்டினால் கூம்பாகக் குவியும். இன்னொரு கூடை கொட்டினால் கூம்பு பெரிதாகும், செங்குத்தாகாது. காய்ந்த ஆற்றுமணலை எவ்வளவு கொட்டினாலும் சரிவு ஏறக்குறைய 34 பாகையிலேயே நிற்கும். அதற்கு மேல் ஏறினால் மேல்மணல் சரிந்துவிடும். அந்தக் கோணத்தின் டேஞ்சண்ட் மதிப்பு 0.67. அதுதான் மணலுக்கும் மணலுக்கும் இடையிலான குணகம். வீடு கட்டும் இடத்தில் லாரி மணல் கொட்டிவிட்டுப் போனால், பாகைமானியோடு பிள்ளைகளை அனுப்பிவிடுவேன். மேஸ்திரி திட்டுவார். குழியானைப் பூச்சி இதைப் படிக்காமலே செய்கிறது. மண்ணில் அது தோண்டும் கூம்புக் குழியின் சுவர் சரியத் தயாராக இருக்கும் கோணத்தில்தான் இருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்தால் போதும், மண்ணோடு சேர்ந்து அடியில் காத்திருக்கும் வாய்க்குப் போய்விடும்.

கரை கட்டுகிறவனுக்கு இன்னொன்றும் தெரியவேண்டும். மணலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். அதே மணலில் தண்ணீர் நிறைந்துவிட்டால், துகளோடு துகள் அழுத்தும் சுமையில் ஒரு பங்கைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். செங்குத்து விசை குறைந்தால் உராய்வும் குறைய வேண்டியதுதானே? கரை கூழாக இறங்கும். உடைப்பை அடைக்க ஊரையே கூப்பிட்டது வீணாக அல்ல.

இதே பாடத்தில் ஒரு கண்ணி உண்டு. 30 பாகைச் சாய்தளம், குணகம் 0.6, ஒரு கிலோ கட்டை, உராய்வு எவ்வளவு? மியூவைச் செங்குத்து விசையோடு பெருக்கினால் 5.1 நியூட்டன் வரும். 30 பாகையின் டேஞ்சண்ட் 0.577. அது 0.6-ஐவிடக் குறைவு, ஆக கட்டை சறுக்கவே இல்லை. சறுக்காத கட்டை கேட்பது 4.9 நியூட்டன் மட்டும். விடையும் 4.9 மட்டும். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இரண்டும் விடைகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

தள்ளுவது லேசா, இழுப்பது லேசா என்ற கேள்விக்கு, வீடு மாற்ற வருகிற ஆட்களைக் கவனியுங்கள். பீரோவுக்கு அடியில் கயிறு கொடுத்து மேல்சாய்வாக இழுப்பார்கள். மேலிருந்து குனிந்து தள்ளுகிறவன் புதுசு. 60 கிலோ பீரோ, குணகம் 0.4, கோணம் 30 பாகை என்று கணக்குப் போட்டால் இழுக்க 221 நியூட்டன், தள்ள 353. தள்ளும்போது நம் விசையில் பாதி பீரோவைத் தரையோடு அழுத்துவதற்கே போகிறது. இதைப் போட்டுக் காட்டினால், ஒரு பிள்ளையாவது "அப்ப எங்கம்மா சரியாத்தான் சொல்லுச்சு" என்று முனகும்.

வழவழப்பாக இருந்தால் உராய்வு குறையும் என்பதும் பாதி உண்மைதான். "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு போனவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குச் சொரசொரப்பின் அருமை தெரியும். ஆனால் நன்றாகத் துடைத்த இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு ஓய்வுநிலைக் குணகம் 0.94, எஃகுக்கும் எஃகுக்கும் 0.74 என்று புத்தக அட்டவணை சொல்கிறது. கண்ணாடி எஃகைவிடப் பிடிக்கிறது. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் பரப்பும் நுண்ணளவில் மலையும் மடுவும்தான். இரண்டு பரப்பும் உண்மையில் தொடுவது சில முனைகளில் மட்டும். அழுத்தினால் முனைகள் நசுங்கி, தொடும் இடம் கூடுகிறது. அமோன்தோன் சொன்ன பரப்புக் கதைக்குக் காரணமும் இதுதான் என்று 20-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் பவுடனும் டேபரும் காட்டினார்கள். பிளஸ் ஒன்னுக்கு இவ்வளவு வேண்டாம். கேட்கிற பிள்ளைக்கு மட்டும் சொல்வேன்.

என்னை இன்னொருவர் மடக்கியது சில வருஷங்களுக்கு முன்பு. ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானல் ரூட்டில் ஓட்டும் டிரைவர். மகனுக்கு ஃபீஸ் கட்ட வந்தவர், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு நிறுத்தும் தூரம் எடுத்திருந்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், காய்ந்த ரோட்டில் குணகம் 0.7 என்றால், பிரேக் பிடித்து டயர் பூட்டிக்கொண்டபின் 20 மீட்டரில் நிற்கும். மழை பெய்து குணகம் பாதியானால் 40 மீட்டர். கடைசி வரியில் பெரிதாக எழுதியிருந்தேன்: நிறை கணக்கில் வராது, காலி பஸ்ஸும் நிறைந்த பஸ்ஸும் ஒரே தூரம்.

"வாத்தியாரே, இது தப்பு" என்றார்.

"இல்லண்ணே, நிறை இந்தப் பக்கமும் இருக்கு, அந்தப் பக்கமும் இருக்கு, அடிபட்டுப்போகும்."

"அடிபட்டுப்போகட்டும். தீபாவளி டயத்துல ஸ்டாண்டிங் லோடு ஏத்திக்கிட்டு எங்கூட ஒருக்கா வாங்க. பிரேக்கு எப்பப் பிடிக்குதுன்னு காட்டுறேன்."

மகன் தலைகுனிந்துகொண்டான். எனக்கு மறுபடியும் அந்தப் பழைய ராத்திரி. இந்தமுறை இரண்டு பேரும் சரி. என் கணக்கு டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள உராய்வைப் பற்றியது. சக்கரம் பூட்டும் அளவுக்குப் பிரேக்குக்கு வலு இருக்கிறது என்று அது பேசாமல் எடுத்துக்கொள்கிறது. அவர் சொல்வது டிரம்முக்கும் லைனிங்குக்கும் நடுவே உள்ள உராய்வை. சுமை கூடினால் சக்கரத்தைப் பூட்டவே அதிக விசை வேண்டும், அதைக் கொடுக்கும் லைனிங்குக்கு ஓர் எல்லை உண்டு. சூடேறினால் அந்த எல்லையும் இறங்கும். நான் ஒரு பரப்பைப் பார்த்தேன், அவர் இன்னொன்றை மிதித்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு என் வரிதான் சரி. ஆனால் அன்றிலிருந்து அந்த வரிக்கு மேலே "சக்கரம் பூட்டிக்கொண்டால்" என்று சேர்த்து எழுதுகிறேன்.

அவர் கூப்பிட்டதற்கு மறுப்புச் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது தூறல். பெருமாள்மலை தாண்டியதும் மூன்றாவது கியருக்கு இறக்கினார், கொஞ்சம் கழித்து இரண்டு. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்றார், அவருக்கு அவருடைய குரு சொன்னதாம். என்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருந்தது, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டார். நான் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். வண்டியும் ஆளும் சேர்த்து 15 டன் என்று வைத்தால், வத்தலக்குண்டு வரை சுமார் 1,800 மீட்டர் இறக்கத்தில் கரைக்க வேண்டிய ஆற்றல் 26 கோடி ஜூலுக்கு மேல். எல்லாவற்றையும் பிரேக்கே வாங்கிக்கொண்டால், ஒரு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் கிட்டத்தட்ட முழுசாகத் தண்ணீர் பிடித்து, கொதிக்க வைக்கிற சூடு. அந்தச் சூடு நாலு டிரம்மில்.

வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தினார். தூறல் துளி பின்சக்கரத்தில் விழுந்து புஸ்ஸென்று ஆவியாகிக்கொண்டிருந்தது, லைனிங் கருகிய வாடை லேசாக. தொட்டுப் பார்க்கலாமா என்று குனிந்தேன்.

"கைய வச்சிராதீங்க சார், தோல் ஒட்டிக்கிரும்" என்றார் டீயை ஆற்றிக்கொண்டே. "இன்னைக்கு லோடு கம்மி. அதான் இவ்வளவு."